வெப்சைட் இனி வேண்டாமா? திருகோணமலையில் கடை, போட், ரூம் வைத்திருப்பவர்களுக்கு

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 9 மார்ச் 2025

அண்ணை, இனி ஆட்கள் கூகிளில் தேடமாட்டார்களாம், சாட்ஜிபிடியிடம்தான் கேட்பார்களாம். அப்படியென்றால் வெப்சைட்டுக்கு வருசா வருசம் கட்டுகிற காசு வீண்தானே? பேஸ்புக் பேஜ் ஒன்று இருந்தால் போதாதா? புறாமலைத் தீவுக்குப் போட்டில் ஆள் ஏற்றுகிற எனக்கு இதால் என்ன வந்தது?

9 மார்ச், இரவு

காசு வீணா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். சாட்ஜிபிடி உமது போட்டை எப்படி அறியும் என்று முதலில் யோசியும். அது நிலாவெளிக்கு வந்ததில்லை. 2022 நவம்பரில் வெளியானபோது, படித்து வைத்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. 2023இல் காசு கட்டியவர்களுக்கு இணையத்தைப் பார்க்கும் வசதி வந்தது, 2024 ஒக்டோபர் கடைசியில் தேடலுக்கென்றே தனி வசதி சேர்ந்தது. இப்போது கேட்டால் நாலைந்து பக்கங்களைத் திறந்து வாசித்துவிட்டுத் தன் சொல்லில் திருப்பிச் சொல்கிறது. கூகிளும் தேடல் முடிவுகளுக்கு மேலே அதையே செய்கிறது. இரண்டுக்கும் தீனி ஒன்றுதான்: யாரோ எங்கேயோ எழுதி வைத்தது. உம்மைப் பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் இரண்டு இடத்திலும் நீர் இல்லை.

உமது பேஜைப் பார்த்தேன். படங்கள் நல்ல வடிவு. ஆனால் விலை, நேரம், போன் நம்பர் எல்லாவற்றையும் படத்துக்குள் எழுதியிருக்கிறீர். பேஸ்புக்கோ வெளி இயந்திரங்களை அவ்வளவாக உள்ளே விடாது. படலையைப் பூட்டிவிட்டு முற்றத்தில் போர்டு மாட்டிய கதை.

10 மார்ச்

நான் யார் என்று கேட்டவருக்கு: நிபுணன் இல்லை. டவுனில் கொமினிகேஷன் கடை. போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம். சொந்தக்காரர் நாலு பேரின் கூகிள் பக்கங்களை நான்தான் பார்க்கிறேன், சம்பளம் இல்லாமல்.

வெப்சைட் பிறகு. கூகிள் பிசினஸ் ப்ரொபைலை (கூகிள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் கடையைக் காட்டும் பக்கம், 2021 வரை கூகிள் மை பிசினஸ் என்று பெயர்) முதலில் உங்கள் பெயருக்கு எடுங்கள். இலவசம். பெயர், என்ன தொழில், வரைபடத்தில் இடம், திறக்கும் நேரம், போன். பெயர் என்ற இடத்தில் கடைப் போர்டில் உள்ள பெயர் மட்டும். 'பெஸ்ட் சீப் ரூம் திருகோணமலை பீச்' என்று நீட்டக்கூடாது, விதியிலேயே தடை. அரை மணித்தியால வேலை. நான் இதைச் செய்த பிறகு 'போட்டோக் கொப்பி' என்று தேடினால் திருமலையிலேயே என் கடைதான் முதலாவது. சோதித்துப் பாருங்கள்.

16 மார்ச்

சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

போன கிழமை நான் எழுதியது சந்தி சிரிக்கிற பிழை. நான் தேடியது என் கவுண்டரில் இருந்துகொண்டு. கடைக்குள் நின்று தேடினால் கடைதான் வரும். இடங்களை வரிசைப்படுத்த மூன்று விசயம் பார்ப்பதாகக் கூகிளே சொல்கிறது: கேட்டதற்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், அந்த இடம் எவ்வளவு அறியப்பட்டது என்பது. மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓர்ஸ் ஹில்லில் நின்று தேடினேன்: மூன்றாவது. கன்னியா வெந்நீரூற்று வாசலில்: எட்டாவது. நிலாவெளியில் நான் இல்லவே இல்லை. திரும்பும் வழியில் ஏழு கிணற்றிலும் குளித்துவிட்டு வந்தோம், அதுதான் லாபம்.

போட்டோக் கொப்பி எடுக்க நிலாவெளியிலிருந்து எவன் வருவான்? எனக்கு நட்டமில்லை. ரூம் வைத்திருப்பவருக்குக் கதை வேறு. அவருடைய ஆள் கொழும்பில் இருந்தும் பெர்லினில் இருந்தும் தேடுகிறார், ஊர்ப் பெயரையும் சேர்த்தே அடிக்கிறார்.

18 மார்ச்

ஊர்ப் பெயர் என்றதும் ஒன்று. எங்கள் ஊருக்குத்தான் எத்தனை பெயர்! திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, வெளிநாட்டவர் வாயில் ட்ரிங்கோமாலி, கொழும்பார் வாயில் ட்ரிங்கோ. உப்புவெளியை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். புறாமலை என்றால் வெள்ளைக்காரருக்குத் தெரியாது, பிஜன் ஐலண்ட் என்றால் தெரியும். எழுத்துப் பிழையைக் கூகிள் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். ஆனாலும் இரண்டு பெயரையும் உங்கள் பக்கத்தில் ஒரு வசனத்துக்குள் சேர்த்து எழுதுங்கள். அடியில் வெள்ளை எழுத்தில் ஐம்பது தரம் எழுதி ஒளித்து வைப்பது பழைய களவு, பிடிபடும்.

2 ஏப்ரல்

அத்தானின் விடுதி அலஸ்தோட்டப் பக்கம், நாலு ரூம். மாரியில் ஆள் வராது என்று டிசம்பரில் நான் அவருடைய ப்ரொபைலில் 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று போட்டேன். ஜனவரி போய், பெப்ரவரி போய், மார்ச்சும் போய்விட்டது. அத்தான் பெயின்ற் அடித்து, மெத்தைகளைக் காயப்போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு கோல் இல்லை. நேற்று அக்கா சும்மா விடுதியின் பெயரைப் போனில் அடித்துப் பார்த்தால் சிவப்பு எழுத்து. சாட்ஜிபிடியிடம் கேட்டால் அதுவும் மரியாதையாக, மூடியிருப்பதாகத் தெரிகிறது, வேறு மூன்று இடம் சொல்லட்டுமா என்கிறது. அந்த மூன்றில் ஒன்று, அத்தான் முகம் கொடுத்துக் கதைக்காத பக்கத்து வளவுக்காரருடையது.

திறந்துவிட்டேன். கூகிளில் அன்றே மாறியது. மற்றது இன்னும் மூடித்தான் வைத்திருக்கிறது. அத்தான் என்னோடு கதைப்பதில்லை. மழைக்கு மூடுபவர்கள் இதைப் போட்டால், திறக்கும் நாளில் எடுக்க வேண்டும் என்று கலண்டரில் அன்றே எழுதி வையுங்கள். நான் மறந்ததை மறக்காதீர்கள்.

6 ஏப்ரல்

வெப்சைட் காசு பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று தம்பி ஞாபகப்படுத்துகிறார். அத்தானிடம் முன்பு இருந்தது கூகிள் ப்ரொபைலோடு சும்மா கிடைத்த தளம். 2024 மார்ச்சில் கூகிள் அந்தத் தளங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அவருடைய விசிட்டிங் கார்டில் இன்னும் அந்த முகவரிதான், ஒரு பெட்டி கார்ட் மிச்சம் கிடக்கிறது. அடுத்தவன் வளவில் கொட்டில் போட்டால் இதுதான். சொந்தப் பெயரில் ஒரு டொமைன் (தளத்தின் முகவரி), அதில் ஒரே ஒரு பக்கம், அது போதும். பத்துப் பக்கமும் ஓடுகிற படங்களும் வேண்டாம்.

21 ஏப்ரல்

அத்தான் கதைக்கத் தொடங்கிவிட்டார். காரணம் நீச்சல் குளம்.

புதுவருச விடுமுறைக்குக் கண்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகள் இரண்டும் வானிலிருந்து இறங்கும்போதே காற்றடித்த வாத்து டியூப் இடுப்பில். 'பூல் எங்கே அங்கிள்?' அங்கே இருப்பது ஒரு கிணறு. யார் சொன்னது என்று கேட்டால் தாய் போனை நீட்டுகிறார். ஏஐ எழுதிய பதில், நாலு வரி, அதில் மூன்று வரி சரி. நாலாவது வரியில் குளம்.

எங்கிருந்து வந்தது என்று பார்க்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அத்தான் வைத்த பெயரில் 'ப்ளூ' இருக்கிறது. இந்தக் கரையில் ப்ளூ இல்லாத விடுதி எது? அறுகம்குடாவில் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒன்று, அங்கே குளம் உண்டு. இயந்திரம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நாங்களும் அதற்கு நல்லாக உதவியிருக்கிறோம்: ஒரு பயணத் தளத்தில் பழைய நம்பர், இன்னொன்றில் ஊர்ப் பெயருக்குப் பதிலாகக் 'கிழக்குக் கரை', எங்கள் பக்கத்தில் முகவரியே இல்லை.

இப்போது எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே நம்பர். பிங்கிலும் பதிந்தேன். பிங்கை நம்மூரில் யாரும் மதிப்பதில்லை, ஆனால் சாட்ஜிபிடியின் தேடலுக்குப் பின்னால் நின்ற தேடல் இயந்திரங்களில் அதுவும் ஒன்று. பக்கத்தின் குறிக்குள் ஸ்கீமாவும் சேர்த்தேன். 2011இல் கூகிள், பிங், யாகூ மூன்றும் கூடித் தொடங்கிய குறிமுறை அது. இது விடுதி, இது முகவரி, இது நேரம் என்று இயந்திரத்துக்குத் துண்டு துண்டாகச் சொல்லும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, பக்கத்தின் முதல் பந்தியில் எழுதினேன்: எங்களிடம் நீச்சல் குளம் இல்லை, கடல் ஆறு நிமிட நடை.

பிள்ளைகள் கிணற்றடியில் வாளியால் அள்ளி அள்ளிக் குளித்தார்கள். வாத்து இரண்டும் கொடியில் தொங்கின. ரிவியூ மூன்று நட்சத்திரம்.

22 ஏப்ரல்

'இயந்திரம் இவ்வளவு மொக்கா?' என்று கேட்டவருக்கு: 2024 மேயில் கூகிளின் ஏஐ பதில், பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கச் சொன்னது. ரெடிட் என்ற அரட்டைத் தளத்தில் பல வருசத்துக்கு முன் யாரோ பகிடிக்கு எழுதியதை அப்படியே நம்பி. பகிடி அதற்கு விளங்காது. அத்தானுக்கும்தான்.

8 மே

ரிவியூ கேட்டால்தான் கிடைக்கும். திருப்தியாகப் போகிறவர் எழுதமாட்டார், கோபத்தோடு போகிறவர் ஓட்டோவில் இருந்தே எழுதிவிடுவார். என் வழி: கவுண்டரில் கியூஆர் ஒட்டியிருக்கிறேன், எழுதுகிறவருக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ என் கணக்கில். இரண்டு மாதத்தில் பதினேழு ரிவியூ.

9 மே

மேலே உள்ள பிளேன்டீயை மறந்துவிடுங்கள். மூதூர் அக்கா ஒருவர் கூகிளின் விதியைத் தூக்கிப் போட்டிருக்கிறார். ரிவியூவுக்குக் கைமாறாகக் காசோ சாமானோ கழிவோ கொடுக்கக்கூடாது. பிளேன்டீயும் சாமான்தானாம். வாதாடிப் பார்த்தேன், தோற்றேன். சந்தோசமாக இருப்பவரை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் கூடாதாம். கியூஆர் இருக்கிறது, தேநீர் நின்றுவிட்டது, ரிவியூவும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

காசுக்கு வாங்கலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு ஒரே இரவில் முப்பது வந்தது. எல்லாம் ஐந்து நட்சத்திரம். ஒருவர் 'வெரி டேஸ்டி' என்று எழுதியிருந்தார். அது டயர் கடை. மூன்று கிழமையில் எல்லாம் காணாமல் போய்விட்டன, உண்மையாக எழுதிய இரண்டும் சேர்த்து.

இன்னொன்று. 'சூப்பர்' என்று எழுதுவதில் ஏஐ எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா வைக்கிற சொதியைப் பற்றி ஒருவர் நாலு வரி எழுதினார். அதிலிருந்து விடுதியைப் பற்றிக் கேட்டால் பதிலில் சொதி வருகிறது.

11 மே

என் ப்ரொபைலில் ஆட்கள் அதிகம் பார்த்த படம் எது தெரியுமா? வாசலில் வைத்த பழைய பேப்பர்க் கட்டை ஒரு மான் நின்று சப்புகிற படம். டவுனில் மான் திரிவது நமக்குப் புதினமில்லை, வெளியாருக்கு அது அதிசயம். மூலையில் 'கலர் பிரின்ற்' போர்டு பாதி தெரிகிறது, அதனால் அழிக்கவில்லை.

25 மே

மாமியின் கருவாட்டுக் கடை. அவருக்கு வெப்சைட் தேவையில்லை, கட்டிக் கொடுக்க எனக்கும் ஆசையில்லை. ஆனால் யார் தேடுகிறார்கள், எந்தச் சொல்லில் தேடுகிறார்கள் என்று அறிய ஒரு சனிக்கிழமை முழுக்கக் கடையில் குந்தியிருந்து வருபவர்களிடம் கேட்டேன். உள்ளூர் ஆள் தேடுவதே இல்லை, மணத்தைப் பிடித்து வருகிறார். கோணேஸ்வரம் பார்த்துவிட்டுத் திரும்புகிற தெற்கு ஆட்கள் சிங்களத்தில் 'கரவல' என்று அடிக்கிறார்கள். கொழும்புத் தமிழர் 'கருவாடு' என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். கனடாவிலிருந்து வந்த ஐயா ஒன்றுமே அடிக்கவில்லை. அவருடைய மகன் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, நல்ல கட்டாக் கருவாடு எங்கே வாங்கலாம், பிளேனில் கொண்டுபோகப் பார்சல் கட்டித் தருவார்களா என்று ஆங்கிலத்தில் முழுதாகக் கேட்டானாம்.

அந்தப் பார்சலில்தான் நான் நின்றுவிட்டேன். தேடல் பெட்டியில் நாம் இரண்டு சொல் அடிப்போம். ஏஐயிடம் கடைக்காரரிடம் கேட்பது போலவே கேட்கிறார்கள். அப்படியென்றால் கடைக்காரர் சொல்லும் பதில் எங்கேயாவது எழுத்தில் இருக்க வேண்டும். மாமி சொல்லச் சொல்ல எழுதினேன், பிறகு மூன்று மொழியிலும் போட்டோம். கட்டா, பாரை, சுறா, நெத்தலி. எதில் உப்புக் கூட, எதில் குறைவு. பேப்பர், பொலித்தீன், மேலே கார்ட்போர்ட் என்று மூன்று சுற்றுக் கட்டித் தருவோம், மணம் வராது. கடைசிச் சொல்லை மாமியே ஒப்புக்கொள்ளவில்லை. "கொஞ்சம் வரும் எண்டு போடு." போட்டேன்.

14 ஜூன்

கொழும்பிலிருந்து ஒருவர் கோல் எடுத்தார். 'ஜிஇஓ பெக்கேஜ்' (ஏஐ சொல்லும் பதிலில் உங்கள் பெயரை வரச் செய்யும் வேலைக்கு அதுதான் சுருக்கப் பெயர்), மாசம் முப்பத்தையாயிரம் ரூபா, ஏஐயில் முதலாம் இடம் உறுதி. எந்தக் கேள்விக்கு முதலாம் இடம் என்று கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் என்றார். நான் ஒரே கேள்வியைக் காலையில் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன், வந்த விடுதிகள் வேறு வேறு. அப்புறம் எதை உறுதி சொல்வது?

அவர் பெரிதாகப் பேசியது எல்எல்எம்எஸ் டொட் டிஎக்ஸ்டி என்ற கோப்பைப் பற்றி. தளத்தின் சுருக்கத்தை ஏஐக்கென்று எளிய எழுத்தில் வைப்பது. 2024 செப்டெம்பரில் ஜெரமி ஹோவர்ட் முன்வைத்த யோசனை. யோசனையில் பிழையில்லை, ஆனால் கூகிளின் ஜான் முல்லர் அதைப் பழைய 'கீவேர்ட்ஸ் மெட்டா டேக்'கோடு (தேடல் சொற்களைப் பக்கத்தின் குறிக்குள் அடுக்கி வைக்கும் வரி) ஒப்பிட்டார். அந்த டேக்கைத் தாங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகிள் 2009இலேயே சொல்லிவிட்டது. பத்து நிமிட வேலை, ஆசையென்றால் நீங்களே வையுங்கள். முப்பத்தையாயிரம் வேண்டாம்.

ஜிஇஓ என்ற பெயர் 2023இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருந்தது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆட்களும் சேர்ந்து எழுதியது. பக்கத்தில் எண், மேற்கோள், எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு இவற்றைச் சேர்த்தால் ஏஐ பதிலில் அந்தப் பக்கம் தெரிவது 40 சதவீதம் வரை கூடியது என்றார்கள். ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் போடுவது உதவவில்லை. அவர்கள் கருவாட்டுக் கடையை வைத்துச் சோதிக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் 'கடலுக்கு அருகில்' என்பதை 'ஆறு நிமிட நடை' என்று மாற்றியபோது நானும் தெரியாத்தனமாக அதைத்தான் செய்திருக்கிறேன்.

28 ஜூன்

இதனால் ஆள் வருகிறதா என்று எப்படித் தெரியும்? கிளிக்கை எண்ணிப் பயனில்லை, பதிலை வாசித்துவிட்டுத் தளத்துக்கு வராமலே கோல் எடுக்கிறார்கள். அத்தான் ரிசெப்ஷனில் ரூல் போட்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறார். வருகிற எல்லாரிடமும் 'எங்களை எப்படித் தெரியும்?' என்று அக்கா கேட்டு எழுதுவார். இந்த மாதம் 23 கூட்டம். புக்கிங் தளங்கள் 9, தெரிந்தவர் சொல்லி 6, கூகிள் வரைபடம் 4, பஸ் நிலைய ஓட்டோக்காரர் 2, ஏஐ 1, வீடு மாறி வந்தவர் 1.

ஒன்றுக்கா இந்தப் பாடு என்று கேட்பீர்கள். ஓட்டோக்காரருக்குக் கொமிஷன் கொடுக்க வேண்டும், புக்கிங் தளத்துக்கும் கொடுக்க வேண்டும். வரைபடத்துக்குச் செய்த வேலைதான் ஏஐக்கும், தனியாக ஒன்றும் செய்யவில்லை. வீடு மாறி வந்தவர் மூன்று இரவு நின்றார்.

6 ஜூலை

அந்த ஒன்று ஏன் ஒன்றாகவே நிற்கிறது என்று குடைந்தேன். பதில்களில் ஆதாரமாக எங்கள் தளம் ஒருநாளும் வரவில்லை. தளத்தைக் கட்டிய பொடியன், ஏஐ களவெடுக்கும் என்று பக்கங்களை வாசித்தெடுக்க வரும் எல்லா ஏஐ ரோபோவுக்கும் (அவை வெறும் மென்பொருள்) ரோபோட்ஸ் கோப்பில், அதாவது யார் வாசிக்கலாம் என்று தளம் சொல்லும் கோப்பில், தடை போட்டிருக்கிறான். நாலு மாதமாகப் படலைக் கதையைத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐக்கு ஒன்றுக்கு மேல் ரோபோ உண்டு. ஜிபிடிபொட் எடுப்பது மொடலைப் படிப்பிக்க. ஓஏஐ சேர்ச்பொட் எடுப்பது தேடலில் காட்ட. ஒன்றைத் தடுத்து மற்றதை விடலாம். கதை, கவிதை எழுதுபவருக்குத் தடுக்கக் காரணம் இருக்கும், ரூம் விடுகிறவர் விலைப்பட்டியலை யாரிடமிருந்து காப்பாற்றுகிறார்? தளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இந்த மாதம் 1ஆம் திகதி, புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ ரோபோக்களைத் தானாகவே தடுப்பதாக அறிவித்திருக்கிறது. அதைப் பாவிப்பவர்கள் ஒருதரம் உள்ளே போய்ப் பாருங்கள்.

19 ஜூலை

தம்பி தன் பக்கத்தை ஏப்ரலிலேயே எழுதிவிட்டார், இங்கே சொல்ல மறந்துவிட்டேன். ஒரே பக்கம். போட் காசு வேறு, வனசீவராசிகள் திணைக்கள டிக்கெட் வேறு. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் டிக்கெட் விலை வேறு. புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, பவளப்பாறையில் ஏறி நிற்கக்கூடாது. காலையில் வாருங்கள், பின்னேரம் காற்று எழும்பும். மாரியில் ஓடமாட்டோம். போன கிழமை பிரெஞ்சுக்காரர் இருவர் கரையில் இறங்கி, டிக்கெட் வேறு என்று சொல்கிற ஆள் நீங்களா என்று தேடி வந்தார்களாம். எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று வேறு எங்கேயோ பேசிவிட்டுக் கவுண்டரில் வைத்துச் சண்டை பிடித்தவர்களாம் அவர்கள்.

அத்தானின் தளத்தில் தடையை எடுத்து இரண்டு கிழமை. நேற்று முதன்முதலாக ஏஐ எங்கள் பக்கத்தை எடுத்துச் சொன்னது. அமைதியான இடம், கடலுக்கு ஆறு நிமிட நடை, குளம் இல்லை, பக்கத்து அம்மன் கோயிலில் காலை 5 மணிக்குப் பாட்டுப் போடுவார்கள், தூக்கம் கலைந்தால் தாங்காதவர்கள் யோசிக்கவும். முதல் நாலும் நான் எழுதியது, கடைசி யோசனை அதன் சொந்தச் சரக்கு. நான் துள்ளிக் குதித்தேன். அத்தானும் குதித்தார், வேறு மாதிரி.

"கோயிலப் பற்றி எழுதச் சொல்லி உன்னை ஆர் கேட்டது?"

10 ஓகஸ்ட்

அத்தான் அக்காவிடம் பாஸ்வேர்டை வாங்கி அந்த வரியை அழித்துவிட்டார். ஏஐ இன்னும் சொல்கிறது, இப்போது ஒரு ரிவியூவைக் காட்டி. ஜூலையில் நின்ற ஒரு டீச்சர் எழுதியது: ஐந்து மணிக்குப் பாட்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அலாரம் வைக்கத் தேவைப்படவில்லை. ஐந்து நட்சத்திரம். அத்தானுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு சொன்னார், ஆடி மாசம் என்றபடியால் இப்ப நாலரைக்கே தொடங்குகிறார்கள், போடுவதென்றால் சரியான நேரத்தைப் போடு.

பாஸ்வேர்டைக் கேட்டேன். மறந்துவிட்டாராம்.